யாரும் போடாத துணி

எங்கள் மேடத்துக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. பொறாமையில் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஒருநாள் படம் எடுக்க வந்தவர்கள், "மேடம், நீங்க தைக்கற மாதிரி ஒண்ணு எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்கள். உடனே என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஊசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதன் முனையில் நூலை நுழைக்கப் பார்த்தாள். நான்தான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். அந்தப் படம் இப்போது கடை வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. கீழே, 'ஒவ்வொரு தையலும் என் கையால்' என்று எழுதியிருக்கிறது. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போக வேண்டும். வாய்க்குள்ளேயே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவேன். அந்த இரண்டும் அச்சில் போடக்கூடியவை அல்ல.

கடை என்றால் முன்னால் ஒரு கண்ணாடி அறை, பின்னால் நாங்கள். கண்ணாடி அறையில் கவுன், குட்டிச் சட்டை, துணி யானை, பென்சில் பை, பிள்ளைக்கு எச்சில் வழியாமல் கழுத்தில் கட்டும் துண்டு, இப்படி எல்லாம் அடுக்கியிருக்கும். அத்தனையும் பழந்துணியில் தைத்தது என்பதுதான் கடையின் பெருமை. பின்னறையில் மூன்று மெஷின், ஒரு வெட்டு மேசை, மூட்டை மூட்டையாகத் துணி, நான், இன்னும் இரண்டு பேர், இஸ்திரி போடும் அக்கா.

பழந்துணி வேலையை நான் கேவலமாக நினைத்ததே இல்லை. அது அவ்வளவு சுலபமும் இல்லை. புதுத்துணி ஊமை, நீ சொன்னபடி கேட்கும். பழந்துணி எதிர்த்துப் பேசும். அக்குளில் மஞ்சள் படிந்திருக்கும், முழங்கையில் தேய்ந்திருக்கும், கழுத்துப் பட்டையில் அழுக்கு ஏறியிருக்கும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு நல்ல இடமாகப் பார்த்துக் கத்தரி வைக்க வேண்டும். பெரிய ஆள் சட்டை ஒன்று கொடுங்கள், இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கவுன் எடுத்து, மிச்சத்தில் ஒரு யானையும் எடுத்துக் காட்டுகிறேன். சட்டையின் பொத்தான் வரிசையை அப்படியே கவுனின் முதுகுக்குத் திருப்பிவிட்டால் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் வேலையும் மிச்சம். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

எனக்குப் பிடிக்காதது மேடத்தின் வாய்தான். "நாம தைக்கல தங்கம், துணியைக் குணப்படுத்தறோம்" என்பாள், கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு.

"ஏன், துணிக்குக் காய்ச்சலா?" என்று இஸ்திரி அக்கா என் காதில் கேட்பாள். எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. இருமுவதுபோல் நடிப்பேன்.

ஒவ்வொரு உருப்படியிலும் ஒரு அட்டை தொங்கும். அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று மேடமே எழுதுவாள். முதலில் எல்லாம் உண்மையைத்தான் எழுதினாள், பொய் சொல்லக்கூடாது. 'நான் ஒரு ஆசிரியரின் சட்டையாக இருந்தேன்' என்ற மாதிரி. ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. சட்டையை விட அட்டைக்குத்தான் கூட்டம். கேட்டு வருகிறவர்கள் பத்து மடங்கு ஆனார்கள், பழந்துணி பத்து மடங்கு ஆகுமா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வீட்டில் கழித்துக் கட்டுவதாக ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் ஓட்டை பனியனும் ஒற்றைக் காலுறையும்தான். அதில் எதைத் தைப்பது, என் தலையைத்தான் தைக்க வேண்டும்.

அப்போதுதான் மேடத்துக்கு அந்த ஞானோதயம் வந்தது. ஒருநாள் பின்வாசலில் வண்டி வந்து நின்றது. ஆலையிலிருந்து நேராக வந்த புத்தம்புதுத் துணி, கட்டுக்கட்டாக இறங்கியது. கஞ்சி விறைப்பில் அட்டை மாதிரி நின்றது.

"இதைக் கொஞ்சம் பழசாக்கணும் தங்கம்" என்றாள் மேடம். குரலில் ஒரு கூச்சம், ஒரு நாணம், ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து என் வேலை என்ன தெரியுமா? ஓரத்தில் ஆலைப் பெயர் அச்சடித்த கரையை முதலில் கத்தரித்து எறிய வேண்டும். பிறகு கல்லைப் போட்டுத் துவைக்க வேண்டும். தேயிலைத் தண்ணீரில் முக்கி வெயிலில் போட வேண்டும். மடிப்பு வரும் இடத்தில் உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டும். கடைசியில், கிழியாத துணியின் மேல் ஒட்டுப் போட வேண்டும். கிழிந்ததை மறைக்க ஒட்டுப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கிழியாததை மறைக்க ஒட்டுப் போட்டது உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

அதற்கும் அட்டை உண்டு. 'நான் கடலோர வீடொன்றின் திரைச்சீலை. இருபது வருடம் அலைகளைப் பார்த்தேன். இன்று உங்கள் குழந்தையைப் பார்க்கிறேன்.' அடப்பாவி! அந்தத் துணி முந்தாநாள்தான் லாரியில் வந்தது. அது பார்த்த கடல் லாரியின் தார்ப்பாய்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவள் தோட்டத்தையே மறைத்தாள். வாங்குகிறவர்களாவது சந்தேகப்பட வேண்டாமா? அட்டையைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். ஒருத்தி கவுனை மூக்கில் வைத்து, "அந்தக் காலத்து வாசனை வருதுங்க" என்றாள். அது நேற்று நான் முக்கியெடுத்த தேயிலைத் தண்ணீர். இந்த மூஞ்சிகளுக்கு இந்த மேடம்தான் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, இவ்வளவு பேசுகிறவள் அங்கே ஏன் இருக்கிறாய் என்று கேட்பீர்கள். வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மகள் பள்ளி விட்டு வருவதற்குள் வந்துவிடலாம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

அந்த மகள்தான் இப்போது விஷயம். ஒரே பெண், பதினோரு வயது ஆகப்போகிறது. அவள் பள்ளியில் பிறந்தநாள் அன்றைக்கு மட்டும் சீருடை போட வேண்டாம், இஷ்டப்பட்டதைப் போட்டுப் போகலாம். போன வருடம் நான் பச்சை இலை போட்ட துணியில் ஒரு கவுன் தைத்துக் கொடுத்தேன். மூட்டையில் வந்த திரைச்சீலை. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. இவளும் குதித்துக்கொண்டுதான் போனாள். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "ஏய், இது எங்க வீட்டு ஜன்னல் துணிடி!" என்று சொல்லியிருக்கிறது. அதோடு இவளுக்குப் பெயரே 'ஜன்னல்' ஆகிவிட்டது. "ஜன்னல், ரப்பர் குடு. ஜன்னல், தள்ளி உக்காரு." ஒரு வருடமாக நடக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, கல்லுளிமங்கி. பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் சொன்னாள்.

"இந்த வருஷம் கடையில வாங்கித் தாம்மா."

"எதுக்கு? நான் தைச்சுத் தரேன்."

"வேணாம். நீ யாரோடதையாவது தைப்ப. யாருமே போடாதது வேணும். நான்தான் முதல்ல போடணும்." அப்போதுதான் அந்த ஜன்னல் கதை முழுவதும் வெளியே வந்தது. சொல்லச் சொல்ல அழுதாள்.

என் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். ஒரு பழைய பூட்டை மடியில் வைத்துக் குடைந்துகொண்டே, "ஒண்ணு வாங்கிக் குடுத்துடேன், விடு" என்றார்.

அங்கேதான் நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "கடையில விக்கற கவுனை என்னைக்காவது உள்பக்கம் திருப்பிப் பாத்திருக்கீங்களா? ஒரு நூலை இழுத்தா மொத்தமும் கையோட வரும். அதுக்கு ஒரு பெட்டி, ஒரு ரிப்பன். தையக்காரி வீட்டுல பொறந்த பொண்ணு அந்தக் கண்றாவியைப் போடறதா? புதுத்துணிதானே வேணும்? பீஸ்ல இருந்து வெட்டி நானே தைக்கறேன். எந்த ராணி வீட்டுப் பிள்ளையும் அப்படிப் போட்டிருக்காது."

மகள் என்னையே பார்த்தாள். "நெஜமாவே புதுசா?"

"நெஜமாவே புதுசு."

"அப்ப சரி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்து இப்படி வேண்டும், கை அப்படி வேண்டும் என்று நோட்டில் வரைந்தே காட்டிவிட்டாள்.

மறுநாள் காலை கட்டு ஒன்று பிரிந்து மேசை மேல் கிடந்தது. மாம்பழ மஞ்சள், அதில் மிளகு மிளகாக வெள்ளைப் புள்ளி. இன்னும் தண்ணீர் பார்க்காத துணி. இதுதான் என் மகளுக்கு என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். மேடத்திடம் போய், "இதுல மூணு மீட்டர் எனக்கு வேணுங்க. சம்பளத்துல புடிச்சுக்கங்க" என்றேன்.

மேடம் திடுக்கிட்டாள். "அச்சச்சோ, அது வெளியில போகக்கூடாதே தங்கம். அப்படியே புதுசா யாராவது பாத்துட்டா?"

"என் பொண்ணுக்குதாங்க. பிறந்தநாள் வருது."

"அவ்வளவுதானே? முன்னாடி போயி எது புடிக்குதோ எடுத்துக்கங்க. காசே வேணாம். அந்தத் திரைச்சீலைக் கவுன் இருக்கே, எவ்வளவு அர்த்தமுள்ள பரிசு! குழந்தைங்களுக்கு நாம புதுசோட பைத்தியத்தைப் பழக்கக்கூடாது."

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். போன மாதம்தான் இவள் பேத்திக்குப் பெட்டியோடு ரிப்பனோடு ஏழு கவுன் வந்து இறங்கியது. பெட்டியை நான்தான் கிழித்துக் குப்பையில் போட்டேன். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"அர்த்தம் எல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். எனக்குத் துணி போதும். இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க, இனிமே அந்த அட்டையை நான் எழுதறேன். எனக்கும் நல்லாவே எழுத வரும். லாரி நம்பர்ல இருந்து எழுதுவேன்."

இஸ்திரி அக்கா பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். பொசுங்கும் வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள். மேடத்தின் முகம் ஒரு நிமிடம் வெளிறி, திரும்பவும் பழைய சிரிப்புக்கு வந்தது.

"நம்ம குடும்பத்துல இப்படியெல்லாம் பேசிக்கலாமா? மூணு மீட்டர்தானே, எடுத்துக்கங்க. யார்கிட்டயும் காட்டிக்க வேணாம், அவ்வளவுதான்."

வெட்டிக்கொண்டேன். மூன்று மீட்டரையும் மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலில் தொங்கிய ஆளுயரப் படத்தைப் பார்த்து அன்றைக்கு இரண்டு வார்த்தைக்குப் பதில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்படி ஒரு கெத்து!

ஞாயிற்றுக்கிழமை மகளை அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன். சனிக்கிழமையே சோப்புத் தூள் போட்டு ஊறவைத்து, அலசி, காயவைத்து எடுத்து வைத்திருந்தேன். கத்தரியைக் கையில் எடுத்தேன், அவ்வளவுதான் தெரியும். கை தானாக ஓடியது. எங்கே வைப்பது, எப்படித் திருப்புவது என்று ஒரு இடத்தில்கூட நின்று யோசிக்கவில்லை. மத்தியானத்துக்குள் கவுன் எழுந்து நின்றுவிட்டது. கழுத்து அவள் வரைந்த மாதிரியே வட்டம், கை குடை மாதிரி, பாவாடைப் பக்கம் சுற்றினால் விரியும். பார்க்க லட்சணமாக முழங்காலுக்கு மேலே ஒரு வெள்ளைத் துணிப் பூவும் வைத்துத் தைத்தேன். இவ்வளவும் செய்து முக்கால் மீட்டர் துணி மிச்சம் பிடித்திருந்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாதான் இருக்கு" என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

புதன்கிழமை காலை, மகள் குளித்துவிட்டு வந்ததும் காகிதப் பையை நீட்டினேன். பிரித்தாள். "ஐ!" என்று ஒரு சத்தம். கவுனை மார்பில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு ஓடினாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் ஒருநாளாவது நான் நினைத்தது நினைத்தபடி நடந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு அவள் கவுனை மூக்கில் வைத்தாள்.

"இது யாரோடதும்மா?"

"யாரோடதும் இல்லடி. புதுசு. பீஸ்ல இருந்து வெட்டினது. நீதான் முதல்ல போடற."

"சோப்பு வாசனை வருதே."

"துவைச்சேன்ல."

"புதுசை ஏம்மா துவைக்கணும்?"

ஏன் துவைத்தேன்? யார் உடம்பில் கிடந்ததோ, எந்த வீட்டு மூட்டையோ என்று, கைக்கு வருகிற துணியை முதலில் சோப்புத் தண்ணீரில் போட்டுத்தான் எனக்குப் பழக்கம். பழக்கம் போட்டுவிட்டது.

"சாயம் போகுதான்னு பாக்கறதுக்கு" என்றேன். அதுவும் நியாயமான பதில்தான். ஆனால் நான் சொன்னது கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

அவள் தையல்காரி மகள். கவுனை உள்பக்கம் திருப்பினாள்.

"முதுகுல ஒட்டு இருக்கேம்மா."

"எங்க?" பிடுங்கிப் பார்த்தேன். இருந்தது. நட்டநடு முதுகில் குறுக்கே ஒரு இணைப்பு. ஒரே துண்டாக வெட்டியிருக்க வேண்டிய முதுகு. மூன்று மீட்டர் துணி தாராளமாக விரிந்து கிடந்தது, ஒரு தடையும் இல்லை. நான் இரண்டு துண்டாக வெட்டி, புள்ளிக்குப் புள்ளி பொருத்தி, நேர்த்தியாக இணைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் என் கத்தரிக்கு முழு முதுகுக்குத் துணி கிடைத்தது அபூர்வம், ஆலைத் துணியைக்கூடப் பழசாகத் தெரியத் துண்டு போட்டுத்தான் வெட்டினேன். துணி போதாது என்று கையே முடிவு செய்திருக்கிறது. அதைத்தான் முக்கால் மீட்டர் மிச்சம் பிடித்தேன் என்று பீற்றிக்கொண்டேன். தூ!

"அது... சும்மா, ஒரு டிசைன்."

மகள் கவுனை வாங்கி, பாவாடைப் பக்கத்து வெள்ளைப் பூவை நகத்தால் சுரண்டினாள்.

"இதுக்குக் கீழ என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அழகுக்கு வச்சேன்."

"நீ ஓட்டை இருந்தாதானே பூ வைப்ப."

"சத்தியமா ஒண்ணுமில்லடி! துணி எடுத்து வந்தவ நான், வெட்டினவ நான், எனக்குத் தெரியாதா? புதுசுன்னா புதுசு!"

"கதை சொல்லாதம்மா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீ தினம் வந்து திட்டுவியே உங்க மேடம், அவங்க மாதிரியே பேசற. பழசுன்னே சொல்லிக் குடுத்திருந்தா போட்டுட்டுப் போயிருப்பேன்."

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. யாரோடு யாரைச் சேர்க்கிறாள்! ஊரை ஏமாற்றுகிற அந்தப் பொம்பளை எங்கே, நான் எங்கே! எனக்குக் கண்மண் தெரியவில்லை. "பாரு! நீயே பாரு!" என்று கத்திக்கொண்டு மெஷின் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்தேன். பூவின் ஓரத்தில் விட்டு வறட் வறட்டென்று தையலைப் பிரித்தேன். "கீழ ஓட்டை இருக்கா? இருக்காடி? கண்ணைத் திறந்து பாரு!"

ஓட்டை இல்லை. பூவுக்குக் கீழே மஞ்சள் துணி முழுசாக, கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு நொடி அப்படித்தான் இருந்தது. கடைசித் தையலில் என் கை நிற்கவில்லை. பிளேடு துணிக்குள் இறங்கி இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துவிட்டது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வீட்டுக்காரர் வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மகள் என் கையிலிருந்து பிளேடை மெதுவாக வாங்கி மெஷின் மேல் வைத்தாள். கவுனை மடித்து நாற்காலியில் போட்டாள். கொடியில் கிடந்த சீருடையை எடுத்து மாட்டிக்கொண்டாள். பொத்தானைப் போட்டுக்கொண்டே, "சரிம்மா, புதுசுதான். நான் நம்பறேன்" என்றாள். "சாயங்காலம் வந்து போட்டுக்கறேன். பூவைத் திரும்ப வச்சுத் தைச்சிடு, தெரியாது."

"பிறந்தநாள் அன்னைக்கு யூனிஃபார்ம்ல போறியேடி."

"போன வருஷமும் இதையே போட்டுட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் பிறந்தநாள்னே தெரிஞ்சிருக்காது."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் திரும்பி வந்தாள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். குனிந்து என் கன்னத்தைத் தட்டினாள், சின்னப் பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. பிறகு பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஊரில் உள்ள அத்தனை பேரையும் இளக்காரமாகப் பார்த்துப் பழகிய என்னைப் பார்த்து, பதினோரு வயதுப் பிள்ளை பரிதாபப்பட்டுவிட்டுப் போனது.

நான் எழுந்து மெஷினில் உட்கார்ந்தேன். கிழிந்த இடத்தின் மேல் பூவை வைத்தேன். சரியாக மறைத்தது.